பள்ளிமுனைப் பெருக்கமரமும் பிறக்காத கன்றுகளும்

மன்னார்ப் பட்டினத்தின் மையத்திலிருந்து பள்ளிமுனை வீதியில் சற்றுத் தூரம் சென்றால், வீடுகளுக்கும் மதில்களுக்கும் நடுவே ஒரு முதிய பெருக்கமரம் நிற்கிறது. பனையும் தென்னையும் வேம்பும் உடையும் வளரும் இந்த மணல் நிலத்தில், கண் பழகிய எந்த மரத்தோடும் அதைச் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை. மன்னார்த் தீவுக்கு வரும் பயணிகள் கோட்டையையும் தலைமன்னார் இறங்குதுறையையும் பார்த்த கையோடு இங்கும் வந்து, மரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி வருகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி அதன் வயதைப் பற்றியதாகவே இருக்கிறது. எனக்கோ, கடந்த சில ஆண்டுகளாக, வேறொரு கேள்விதான் மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறது. இவ்வளவு காலம் வாழ்ந்த ஒரு மரத்தின் வழித்தோன்றல்கள் எங்கே என்பதே அந்தக் கேள்வி.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் சுற்றளவு 19.5 மீற்றர், உயரம் 7.5 மீற்றர் என்று கூறப்படுகிறது. அதாவது அடிமரத்தின் குறுக்களவு மட்டுமே ஆறு மீற்றருக்கு மேல் வருகிறது. உயரமோ ஒரு நடுத்தரத் தென்னைக்குக்கூட ஈடாகாது. வளர்ந்தவர்கள் பதினொரு பன்னிரண்டு பேர் கைகோத்து நின்றால்தான் அதைச் சுற்றி வளைக்க முடியும். சாம்பல் நிறத்தில், மடிப்பும் புடைப்புமாக, குயவர் சக்கரத்திலிருந்து ஈரம் காயுமுன்னே இறக்கி வைத்த களிமண்ணைப் போல, தன் எடையிலேயே சற்று அமர்ந்துவிட்ட தோற்றம் அதற்கு உண்டு. ஈழத்தில் பெருக்கமரம் என்கிறோம். தமிழகத்தில் ஆனைப்புளி, பொந்தன்புளி, பப்பரப்புளி என்று பல பெயர்கள் வழங்குகின்றன. தாவரவியலில் இது அடன்சோனியா டிஜிடேட்டா. 1749ஆம் ஆண்டு செனகலில் இம்மரத்தைக் கண்டு வியந்து விரிவாக எழுதிய பிரெஞ்சு இயற்கையியலாளர் மிஷேல் அடன்சனின் நினைவாக லின்னேயஸ் அந்தப் பெயரைச் சூட்டினார்.

இந்தப் பேரினத்தில் மொத்தம் எட்டு இனங்கள் உள்ளன. ஆறு மடகஸ்காருக்கு மட்டுமே உரியவை. ஒன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் வளர்கிறது. எஞ்சிய ஒன்றுதான் ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் வறண்ட வெளிகளில் பரந்து காணப்படும் நமது பெருக்கமரம். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவை எல்லாம் இந்த ஆப்பிரிக்க இனத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் மூதாதை கடல் கடந்து வந்தது என்பதில் ஐயம் இல்லை.

மரம் என்று சொல்கிறோமே தவிர, வேம்பையோ பாலையையோ மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது. இதன் கட்டையில் வைரம் பாய்வதில்லை. உள்ளே இருப்பது நாரும் நீரும் நிறைந்த, மென்மையான, பஞ்சு போன்ற திசு. பச்சை மரத்தின் எடையில் பெரும்பகுதி நீரின் எடைதான். வறட்சி நீண்டால் அடிமரம் சிறிது சுருங்குவதையும், மழைக்குப் பின் மீண்டும் பருப்பதையும் அளந்தே காட்டியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு, பச்சையம் கொண்ட பட்டையினாலேயே ஓரளவு உணவு ஆக்கிக்கொண்டு, அடுத்த மழைக்காக அது காத்திருக்கும். பட்டையை உரித்து நார் எடுத்தாலும், மற்ற மரங்களைப் போல் பட்டுப்போகாமல், புதிய பட்டையை வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் இதற்கு இருக்கிறது. பலகை அறுக்கவோ தூண் செதுக்கவோ இந்தக் கட்டை உதவாது என்பதால்தான், விறகுக்கும் வீட்டுக்கும் மரங்கள் ஓயாமல் வெட்டப்பட்ட ஒரு நிலத்தில் இது தப்பிப் பிழைத்தது என்று நான் நினைக்கிறேன்.

முதிய பெருக்கமரங்கள் பலவற்றின் நடுவில் பெரிய பொந்து இருக்கும். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் நிற்கும் மரத்தின் உள்ளே ஆட்கள் நுழைந்து நிற்கலாம். உள்மரம் உளுத்துப் போனதால் உண்டான வெற்றிடம் என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் ருமேனிய ஆய்வாளர் அட்ரியன் பத்ருட்டும் அவருடைய குழுவினரும் கதிரியக்கக் கார்பன் முறையில் பல மரங்களை ஆராய்ந்து, வேறொரு விளக்கம் தந்தார்கள். பெருக்கமரம் காலப்போக்கில் புதிய தண்டுகளை வளையமாக எழுப்புகிறது. அவை பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது, நடுவில் ஒருபோதும் மரத்தால் நிரம்பாத ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. அத்தகைய பொந்தின் உட்சுவரில்கூடப் பட்டை இருப்பது அதற்குச் சான்று. ஒரு மரம் என்று நாம் காண்பது, உண்மையில் வெவ்வேறு வயதுள்ள தண்டுகளின் கூட்டு. பருமனை அளந்து வயதைக் கணக்கிடும் முயற்சி இம்மரத்தில் தவறிப்போவதற்கும், ஆண்டு வளையங்களை நம்ப முடியாமல் போவதற்கும் காரணம் இதுவே. அடன்சனே தாம் கண்ட சில மரங்களுக்கு 5,000 ஆண்டுகளுக்கு மேல் வயது கணித்தார். இதுவரை கார்பன் முறையில் கணிக்கப்பட்டவற்றுள் மிக முதியதோ சிம்பாப்வேயில் இருந்த ஏறத்தாழ 2,450 ஆண்டு மரம்தான்.

அப்படியானால் பள்ளிமுனை மரத்தின் வயது என்ன? 1477ஆம் ஆண்டு அராபிய வணிகர்களால் நடப்பட்டதாக நம்பப்படுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 700 ஆண்டுகள் பழமையானது என்று கூறுவோரும் இருக்கிறார்கள். இவ்விரு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது ஒருபுறமிருக்க, ஒரு மரக்கன்று நடப்பட்ட ஆண்டை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடலோடி வந்த வணிகர்கள் தங்கள் சரக்குக்கும் கடனுக்கும் கணக்கு வைத்திருக்கலாம். கரையில் ஊன்றிய ஒரு விதைக்கு ஆண்டு குறித்து வைத்திருப்பார்கள் என்று எண்ணுவது கடினம். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கிய 1498க்கு இருபத்தோராண்டு முந்திய ஒரு திகதி, மரம் போர்த்துக்கேயரால் வரவில்லை என்று அழுத்திச் சொல்ல வசதியாக இருக்கிறது என்பதை மட்டும் கவனிக்கலாம்.

அராபியர் கதையை முற்றாகத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மன்னாரின் எதிர்க்கரையில், இன்றைய திருக்கேதீச்சரத்தை அடுத்து, மாதோட்டம் என்னும் மாந்தைத் துறைமுகம் இருந்தது. 1980களின் முற்பகுதியில் அங்கே நடந்த அகழாய்வுகளில் சீனக் களிமண் கலங்களும் மேற்காசியக் கலங்களும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. அந்தத் துறைமுகம் ஓய்ந்த பின்னரும் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு தொலைதூரக் கப்பல்களை இங்கே இழுத்துக்கொண்டுதான் இருந்தது. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இபன் பதூதா, யாழ்ப்பாண மன்னரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் அவரிடம் இருந்த முத்துகளையும் பற்றி எழுதியிருக்கிறார். அதே பயணிதான் எட்டாண்டுகளுக்குப் பின் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போகும் வழியில், பெருத்த மரமொன்றின் பொந்துக்குள் நெசவாளர் ஒருவர் தறி அமைத்து நெய்துகொண்டிருந்ததைக் கண்டு வியந்தார். அது பெருக்கமரமே என்பது பொதுவான கருத்து. ஒரே மனிதரின் ஆயுளுக்குள், ஒரே பயண நூலுக்குள், இந்த மரத்தின் தாயகமும் இந்தக் கரையும் இடம்பெறக்கூடிய அளவுக்கு அன்றைய கடல்வழிகள் நெருக்கமாக இருந்தன. ஒட்டகங்களுக்குத் தீனியாக இலைகள் உதவும் என்று கொண்டுவந்தார்கள் என ஊரில் சொல்வார்கள். புளிப்புச் சுவையுள்ள காயும் பட்டை நாரும் மாலுமிகளுக்கு அதைவிடப் பயன்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்கமரங்களின் மரபணுக்களை ஆப்பிரிக்க மரங்களோடு ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இம்மரம் ஒரே தடவையில், ஒரே கூட்டத்தாரால் கொண்டுவரப்படவில்லை. பல நூற்றாண்டுகளில், பல வழிகளில், திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தது என்பதே அதன் முடிவு. மொசாம்பிக்கை ஒட்டிய தென்கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்து மரங்களோடு இங்குள்ளவற்றுக்கு நெருங்கிய உறவு இருப்பதாகவும், மேற்கு ஆப்பிரிக்காவின் பங்கும் ஓரளவு இருப்பதாகவும் அது காட்டியது. அராபிய வணிகரோடும், போர்த்துக்கேயரோடும், அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடும் இந்த விதைகள் பயணம் செய்திருக்க வேண்டும். பெயர் எழுதிவைக்கப்படாத அந்தக் கடைசிப் பிரிவினரைப் பற்றி மரத்தின் கதை சொல்லும்போது நாம் பேசுவதே இல்லை. தம் ஊரில் உணவும் மருந்துமாக இருந்த ஒரு மரத்தின் விதையைக் கையோடு எடுத்துவர அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிகக் காரணம் இருந்தது.

வந்த மரத்தை ஒவ்வோர் ஊரும் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. உத்தரப் பிரதேசத்தின் கிண்டூர் என்னும் ஊரில் நிற்கும் பெருக்கமரத்தைப் பாரிசாதம் என்று சொல்லி, குந்திதேவியோடு தொடர்புபடுத்தி வழிபடுகிறார்கள். ஐதராபாத்தின் கோல்கொண்டாவில், நயா கிலா என்ற கோட்டைப் பகுதிக்குள், பள்ளிமுனை மரத்தையும் விஞ்சிய பருமனுள்ள ஒன்று நிற்கிறது. அதன் பொந்துக்குள் திருடர் கூட்டமே ஒளிந்திருந்ததாகக் கதை உண்டு. எல்லா ஊரும் இவ்வளவு பரிவு காட்டியதாகச் சொல்ல முடியாது. மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் வீதியோரம் நின்ற ஒரு முதிய மரம், மக்கள் எதிர்ப்பையும் மீறி, 2024இல் மெட்ரோ ரயில் பணிக்காக வெட்டப்பட்டது. அதைப் படித்த நாளில் பள்ளிமுனை மரத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பள்ளிமுனையில் அத்தகைய ஆபத்து இப்போதைக்கு இல்லை. மரத்தை ஊரார் மதிக்கிறார்கள். வெளியூராரும் தேடி வருகிறார்கள். போர்த்துக்கேயர் 1560இல் கோட்டை கட்டியதையும், ஒல்லாந்தர் 1658இல் அதைப் பிடித்ததையும், பின்னர் ஆங்கிலேயர் வந்து போனதையும், எம் காலத்துப் போரையும் கடந்து ஒரு மரம் நிற்பதைக் கண்டால் எவருக்கும் மதிப்பு வரத்தான் செய்யும். ஆனால் என் கவலை வெட்டுக்கத்தியைப் பற்றியதாக இருந்ததில்லை. பள்ளிமுனையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தபோது, “எங்கட அப்பப்பா காலத்திலயும் உந்த மரம் இப்பிடித்தானாம். ஆனா இதின்ர கண்டொண்டு நான் இண்டைக்கு வரைக்கும் காணேல்லை, தம்பி” என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ, மரத்தின் வயதைப் பற்றி அதுவரை படித்தவை எல்லாவற்றையும்விட அந்த ஒரு வசனம் கனமாக இருந்தது.

மன்னார்ப் பகுதியில் ஏறத்தாழ 40 பெருக்கமரங்கள் எஞ்சியிருப்பதாக இருபது ஆண்டுகளுக்கு முன் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நான் பார்த்தவரையில் இங்கே நிற்பவை எல்லாமே பருத்து முதிர்ந்தவை. தாத்தாக்களும் பாட்டிகளும் மட்டுமே வாழும் ஊர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இந்த மரக்கூட்டமும் இருக்கிறது. மரங்கள் காய்க்கின்றன, ஆனால் விதை மரமாவதில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள அதன் பூவிலிருந்து தொடங்க வேண்டும்.

பெருக்கமரத்தின் பூ வெண்ணிறமானது. நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும். அந்திப்பொழுதில் விரிந்து, ஓர் இரவு மட்டுமே மலர்ந்திருந்து, மறுநாள் நிறம் மாறி உதிர்ந்துவிடும். அந்த ஓரிரவுக்குள் பழந்தின்னி வௌவால்கள் வந்து தேன் குடிக்கும்போதுதான் மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகிறது. இம்மரம் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது அரிது. வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். ஆகவே மரங்களுக்கிடையே தூரம் கூடக்கூட, வௌவால்கள் குறையக்குறைய, காய்ப்பும் குறையும். இது முதல் தடை.

காய் பிடித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வெல்வெட்டுப் போன்ற மேற்பூச்சும் கடினமான ஓடும் கொண்ட அந்தக் காய் தானாக வெடிப்பதில்லை. ஆப்பிரிக்காவில் யானைகளும் பபூன் குரங்குகளும் அதை உடைத்து, மாப்போன்ற சதையைத் தின்று, விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்க் கழிக்கின்றன. மனிதரும் அதே வேலையைச் செய்கிறார்கள்: செனகலிலும் சூடானிலும் அந்தச் சதையைக் கரைத்துப் பானம் செய்து குடிப்பார்கள், உயிர்ச்சத்து சி மிகுந்த அதன் மாவை உணவுப் பொருளாக விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் அனுமதி அளித்தது. மன்னார்த் தீவில் யானை இல்லை. நாமும் அந்தக் காயை உண்ணும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளவில்லை. இந்தியாவின் மேற்குக் கரையில் மீனவர்கள் காய்ந்த காய்களை வலைகளுக்கு மிதவையாகக் கட்டியதாகப் பழைய பதிவு உண்டு. மீன்பிடியே வாழ்வாக உள்ள பள்ளிமுனையில் அந்த வழக்கம் என்றாவது இருந்ததா என்பதை முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தால் நல்லது.

எப்படியோ ஒரு விதை மண்ணில் விழுந்து முளைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் முளைக்கும் அந்த நாற்றின் முதல் இலைகள் தனியிலைகள். வளர்ந்த மரத்தின் விரல் விரித்தாற்போன்ற கூட்டிலை அதற்கு இல்லை. தாய்மரத்தை நன்கறிந்தவர்கள்கூட அதை ஏதோ களை என்று பிடுங்கிவிடுவார்கள். பிடுங்காமல் விட்டால் ஆடும் மாடும் மேய்ந்துவிடும். மன்னாரில் அவற்றோடு கட்டாக்காலிக் கழுதைகளும் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கழுதைகளையும் அராபியரே கொண்டுவந்தார்கள் என்றுதான் இங்கே சொல்கிறார்கள். ஒரே கப்பல்வழியில் வந்ததாகக் கூறப்படும் இரண்டில் ஒன்று மற்றதன் குருத்தைத் தின்று நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. மேய்ச்சலுக்குத் தப்பினால் அடுத்து வருவது மதில், வாகனத் தரிப்பிடம், வீதி அகலிப்பு. நகரத்து மண்ணில் ஒரு கன்று பருத்து மரமாவதற்கான இடைவெளியே அருகிவிட்டது.

பெரிய மரம் இன்னும் பல நூற்றாண்டு நிற்கும் என்று நம்பிக்கொண்டு இருந்துவிட முடியாது. பத்ருட் குழுவினர் 2018இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, ஆப்பிரிக்காவின் மிக முதிய 13 பெருக்கமரங்களில் 9உம், மிகப் பெரிய 6இல் 5உம், அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் முழுவதுமாகவோ பகுதியாகவோ சரிந்து மடிந்ததைத் தெரிவித்தது. நோய் எதுவும் காரணமாகத் தெரியவில்லை; தட்பவெப்ப மாற்றமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். இந்த மரம் சாவதற்குப் பல ஆண்டு எடுத்துக்கொள்வதும் இல்லை. நார்த்திசுவாலான அடிமரம் உள்ளே அழுகினால், வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாமலே, ஒரு நாள் அப்படியே குவியலாக உட்கார்ந்துவிடும்.

ஆகவே மரத்தைப் பேணுவது குறித்து நகரசபையும் ஊர்ப் பெரியவர்களும் பேசும்போதெல்லாம் இரண்டு காரியங்களை ஒன்றாக வைத்துப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். முதலாவது, நிற்கும் மரத்தின் வேர். பெருக்கமரத்தின் பக்கவேர்கள் ஆழமாக இறங்காமல், கிளைப்பரப்பைத் தாண்டி நெடுந்தூரம் மேல்மண்ணிலேயே ஓடுகின்றன. அழகுபடுத்துவதாக எண்ணி அடியைச் சுற்றிச் சீமெந்து போடுவதும், கல் பதிப்பதும், வாகனங்களை நெருங்கி நிறுத்த விடுவதும் அந்த வேரைத்தான் நெரிக்கும். வேலி எதற்கு வேண்டும் என்றால், பட்டையில் பெயர் செதுக்குகிறவர்களைத் தள்ளி நிறுத்துவதற்கும் மண் இறுகாமல் காப்பதற்கும்தான்.

இரண்டாவது, கன்று. இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. காயை உடைத்து, விதையைக் கழுவி, கொதிக்கவைத்து இறக்கிய நீரை அதன்மேல் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டால், அல்லது விதைத்தோலின் ஓரத்தைச் சிறிது சீவிவிட்டால், அது முளைத்துவிடும். நீர் தேங்காத மணற்பாங்கான மண் வேண்டும்; நாற்றின் கிழங்கு போன்ற வேர் ஈரம் மிகுந்தால் அழுகிவிடும். நட்ட பின் முதல் சில ஆண்டுகள் ஆடுமாடு வாய்வைக்காதபடி கூடு கட்டிக் காக்க வேண்டும். அதற்குப் பின் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். விதையிலிருந்து வளர்ந்த மரம் பூப்பதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், நடுகிறவர் ஓர் ஆண்டில் பலன் பார்க்க விரும்புகிறவராக இருக்கக்கூடாது. மன்னார்ப் பாடசாலைகளின் மைதான ஓரங்களும், தேவாலய வளவுகளும், பள்ளிவாசல் வளவுகளும், திருக்கேதீச்சரத்து வெளியும் இதற்கு ஏற்ற இடங்கள். மதிலும் மணியும் காவலும் உள்ள இடங்களில்தான் கன்று பிழைக்கும்.

விதை எடுக்கும்போது பள்ளிமுனை மரம் ஒன்றிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிடக்கூடாது. அதன் புகழ் காரணமாக அப்படித்தான் நடக்கும் என்று அஞ்சுகிறேன். தீவின் வெவ்வேறு மரங்களிலிருந்து எடுத்த விதைகளைக் கலந்து, ஓரிடத்தில் குறைந்தது இரண்டு மூன்று கன்றுகளாக, வௌவால் ஓரிரவில் எளிதாகச் சென்று வரும் தூரத்துக்குள் நட வேண்டும். நெடுந்தீவு மரத்தின் அருகிலும் மன்னார் விதையிலிருந்து எழுந்த கன்றுகளை வைக்கலாம். கடல் கடந்து கன்றுகளை எடுத்துச் செல்ல, குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் இரண்டு சாடிகளுக்கு இடம் இருந்தால் போதும்.